பாஞ்சாலி மட்டும் பார்க்காதது

மாயவன் தோட்டத்துக் கரும்பில் ஒரு பூனை இருந்தது. வெட்ட வந்த ஆட்கள் எல்லாருடைய கண்ணிலும் அது பட்டுவிட்டது, பாஞ்சாலியைத் தவிர.

முதலில் பார்த்தவள் அமுதவல்லி. பாஞ்சாலியின் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்து இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு. கரும்பு வெட்டுக்கு இரண்டு பேரும் ஒரே டிராக்டரில்தான் போவார்கள். வேலையில்தான் ஒட்டாது. பாஞ்சாலி தன் கரும்பு வரிசைக்குள், சாலுக்குள், தலையைக் கொடுத்தால் மறுமுனையில்தான் நிமிர்வாள். அமுதவல்லிக்கு நாலு கரும்பு விழுந்தால் போதும், நிமிர்ந்துவிடுவாள். முந்தானையை உதறுவாள், தண்ணீர் குடிப்பாள், எந்தப் பக்கம் கொக்கு போகிறது என்று பார்ப்பாள். வெட்டுகிற இடத்தில் வேடிக்கை பார்க்கிறவளை எவரும் மதிக்க மாட்டார்கள் என்றுதான் பாஞ்சாலி நினைத்திருந்தாள்.

கம்பைநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற கூட்டங்களில் முதல் சால் என்று ஒன்று உண்டு. ஓரமாக, எல்லாருக்கும் முன்னால் வெட்டிக்கொண்டு போகிற சால். அதைப் பிடித்தவர் போகிற வேகத்துக்குத்தான் மற்றவர்கள் பின்னால் வர வேண்டும். மேஸ்திரி அர்ச்சுனன் கூட்டத்தில் பல வருசமாக அது பாஞ்சாலியுடையது. ஆம்பிளைகள் கேட்டும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. கை காப்புக் காய்த்து, சோகை, அந்தக் கரும்பு இலை, கிழித்த கோடுகள் முழங்கை வரைக்கும் ஓடியிருக்கும். அதைத் தவிர அவளுக்குப் பெருமை என்று வேறெதுவும் கிடையாது. பிள்ளைகூட ஒன்றுதான், அதுவும் திருப்பூரில்.

அன்றைக்கு அமுதவல்லி கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சொன்னாள்.

"அக்கா, ஒரு பூனைக்கா. வெருகு இல்ல. காட்டுப் பூன, வெருகு, எனக்குத் தெரியாதா? இது அதுல பாதிகூட இல்ல. நம்மூட்டுப் பூனையவிடச் சின்னது. நெத்தியில வெள்ளக் கோடு. முதுகு பூரா துரு புடிச்ச மாதிரி பொட்டுப் பொட்டா. கண்ணுதான்க்கா, மொகத்துல பாதி கண்ணுதான்."

"வெயில்ல சும்மா நின்னா அப்படித்தான் தெரியும்" என்றாள் பாஞ்சாலி.

எல்லாரும் சிரித்தார்கள். பாஞ்சாலிக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் மறுநாள் டீ வருகிற நேரத்தில் அமுதவல்லி வாயில் விரலை வைத்துக்கொண்டு கையாட்டினாள். ஒவ்வொருத்தராகக் குனிந்து போனார்கள். செல்லம்மாள் போனாள். மேஸ்திரி போனார். பாஞ்சாலியின் புருசன் மாது, ஒரு வேலைக்கும் அவசரப்படாத ஆள், அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான். பாஞ்சாலி அப்போது சாலின் மறுமுனையில் இருந்தாள். அவள் வெட்டுகிற சத்தமே அவள் காதை அடைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பின்னால் ஒரு ஆளும் இல்லை. எல்லாம் ஒரு இடத்தில் கோழிக்குஞ்சு மாதிரி ஒண்டிக்கொண்டு நின்றது. இவள் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. சோகைதான் ஆடிக்கொண்டிருந்தது.

"நீ வந்த சத்தத்துலதான் போயிருச்சு" என்றாள் செல்லம்மாள். "மாடு மாதிரி ஓடியாந்தா?"

மேஸ்திரி அர்ச்சுனன் வாயைத் திறந்தால் வசவுதான் வரும். அவர் ஒரு கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்து, "நானும் எத்தினி தோட்டம் வெட்டியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். டீயை ஆறவிட்டுக் குடித்தார். அந்த மதியம் யாரையும் திட்டவில்லை.

பாஞ்சாலிக்கு அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. களியைத் தட்டில் போட்டுக் கீரைக் குழம்பை ஊற்றினாள். மாது கையை வைக்காமல் இரண்டு உள்ளங்கையையும் குவித்துக் காட்டினான்.

"இவ்ளோதான் பாஞ்சாலி. ரெண்டு கையில அடங்கிப் போயிரும். நம்மள ஒரு பார்வ பாத்துச்சு பாரு, யாரடா நீங்கன்னு. பொறந்ததுல இருந்து அப்படி ஒரு அழக நான் பாத்ததில்ல."

அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருசமாகிவிட்டது. 'ஏ', 'இந்தா' என்பதோடு சரி. இப்போது பேர் வருகிறது. ஒரு பூனைக்காக வருகிறது.

"தின்னுங்க, ஆறுது" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அமுதவல்லி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணை உருட்டிக்கொண்டுதான் சொல்வாள் என்று பாஞ்சாலிக்கு இங்கிருந்தே தெரிந்தது. அமுதவல்லி அதை வீடியோகூடப் பிடித்திருந்தாள். காலையில் அவள் குளிக்கப் போனபோது அந்தப் பக்கம் நுழைந்து சார்ஜில் கிடந்த போனை எடுத்து பாஞ்சாலி போட்டுப் பார்த்தாள். கரும்பு தெரிந்தது. சோகை தெரிந்தது. அமுதவல்லி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் பழுப்பாக என்னவோ அசைந்தது. காதா, காய்ந்த சோகையா என்று தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். திரும்பத் திரும்ப அது சோகையாகவும் காதாகவும் மாறிக்கொண்டே இருந்தது. பாத்ரூம் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் வைத்துவிட்டாள்.

பணம் நகை என்றால் வேறு கதை. அமுதவல்லி புதுச் சீலை கட்டினால் பாஞ்சாலி ஒரு பேச்சுப் பேசிவிட்டு மறந்துவிடுவாள். கடைக்குப் போனால் அது கிடைக்கும். இது எங்கே கிடைக்கும்? இத்தனை வருசம் கரும்புக்குள்ளேயே கிடந்தவள் இவள். கரும்பு என்றால் பாஞ்சாலி என்றுதான் ஊரே சொல்லும். அதற்குள் இருந்த ஒன்று, வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவளுக்குப் போய் முகத்தைக் காட்டியிருக்கிறது. நெஞ்சில் ஒரு மிளகாயை வைத்துத் தேய்த்தது போல இருந்தது.

மூன்றாம் நாள் அவள் முதல் சாலில் மெதுவாகப் போனாள். வெட்டினாள், நின்றாள். வெட்டினாள், உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீர்த் தாகம் இல்லாமலே போய்க் குடித்தாள். அமுதவல்லி எப்படியெல்லாம் நிமிர்வாளோ அப்படியெல்லாம் நிமிர்ந்தாள். எலி போயிற்று. ஒரு கீரி போயிற்று. வேறு ஒன்றும் வரவில்லை.

"என்னா பாஞ்சாலி, இடுப்பு போயிருச்சா?" என்றார் மேஸ்திரி.

"வயசாவுதில்ல" என்று செல்லம்மாள் பின்னாலிருந்து சொன்னாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் அமுதவல்லி பக்கத்துச் சாலில் அவளைத் தாண்டிப் போனாள். வேண்டுமென்று போகவில்லை. இவள் நின்றுவிட்டாள், அவள் தாண்டிவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் தாண்டினது தாண்டினதுதான். சாயங்காலம் டிராக்டரில் ஏறும்போது மேஸ்திரி சொன்னார்.

"நாளைக்கு அமுதா முன்னால புடிக்கட்டும். நீ கொஞ்சம் ஓய்வு எடுத்துக்க பாஞ்சாலி."

"அய்யோ, அக்காவே புடிக்கட்டும் மேஸ்திரி" என்றாள் அமுதவல்லி. நல்லவள் மாதிரி. உண்மையாகவே நல்லவள்தானோ என்னவோ. அதுதான் பாஞ்சாலிக்குத் தாங்கவில்லை.

"புடிச்சிக்கடி" என்றாள். "எனக்கென்னா."

பூனையும் கிடைக்கவில்லை, சாலும் போயிற்று.

நாலாம் நாள் கடைசித் துண்டு மட்டும் நின்றது. வெட்ட வெட்ட, தோட்டத்தில் இருக்கிற பாம்பு, எலி, முயல் எல்லாம் நிற்கிற கரும்புக்குள் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் வீட்டுக் கூடத்தளவு இடத்தில் அத்தனையும் வந்து சேரும். அதனால் கடைசித் துண்டைப் பச்சையாக யாரும் வெட்ட மாட்டார்கள். சுற்றி விழுந்த சோகையை ஒதுக்கிவிட்டு, மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் நெருப்பு வைத்து, நாலாவது பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். காற்று எதிரே வரும்படி பார்த்துத்தான் வைப்பார்கள். நெருப்பு மெதுவாக ஏறும், உள்ளே இருப்பது வெளியே போக நேரம் கிடைக்கும். சோகை எரிந்து கரும்பு நிற்கும். அப்புறம் கரிக் கரும்பை வெட்டிக்கொள்ளலாம். முதல் சால் பிடித்தவர்தான் தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும்.

மேஸ்திரி தீப்பெட்டியை அமுதவல்லியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் வெக்க மாட்டேன் மேஸ்திரி. அது உள்ளதான் இருக்குது. காத்தாலகூடப் பாத்தேன்."

"ஒரு பக்கம் தொறந்துதான விடறோம். ஓடிரும்."

"அது இந்த எடத்த விட்டுப் போவாமச் சுத்துதுங்க. என்னமோ இருக்குது உள்ள. பச்சையா வெட்டிக்கலாம். நானே முன்னால போறேன்."

"விரியன் புடுங்குனா?"

இப்போது செல்லம்மாள் வாயைத் திறந்தாள். போன வருசத்துக்கு முந்தின வருசம் விரியன் கடித்து, தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள். கணுக்காலில் சதை குழிந்த இடம் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. கடைசித் துண்டு என்றால் அரைக் காத தூரம் தள்ளி நிற்பாள்.

"காலுக்குச் சாக்கு கட்டிக்கினு வெட்டிக்கலாம் மேஸ்திரி" என்றாள். "பாவம், கெடக்கட்டும்."

தோட்டக்காரர் மாயவனும் தலையாட்டினார். மாது, "தட்டித் தட்டிப் போனா பாம்பு வெலகிரும்" என்றான். மேஸ்திரி தீப்பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

பாஞ்சாலி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருசம் காய்ச்சலோடு அவள் முதல் சாலில் விழுந்து கிடந்தபோது இந்தக் கூட்டம் அரை மணி நேரம்கூட வேலையை நிறுத்தவில்லை. கட்டுக் கட்ட ஆள் குறைகிறதே என்றுதான் பேசினார்கள். இப்போது அமுதவல்லி ஒரு வார்த்தை சொன்னாள், விரியன் கடித்தவள் காலில் சாக்குக் கட்டுகிறாள்.

மோட்டார் ரூம் பக்கத்துப் புங்க மரத்தடியில் எல்லாரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். மாது சட்டையைக் கழற்றி ரூம் சுவர் ஆணியில் மாட்டியிருந்தான். பாஞ்சாலி கை கழுவுகிறவள் மாதிரி அந்தப் பக்கம் போய்ப் பாக்கெட்டில் இருந்த தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் கத்தியையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்கக்கா போற? சோறு திங்கல?" என்றாள் அமுதவல்லி.

"ஒதுங்கப் போறேன். அதுக்கும் நீ முன்னால வருவியா?"

கொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அது வெளியே வர வேண்டும். அவள் நிற்கிற பக்கமாக வர வேண்டும். அவள் ஒருத்தி பார்க்க வேண்டும். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், அமுதவல்லி கண்ணில் மட்டும் படாமல் போகட்டும். மேற்கே ஓடை இருக்கிறது, அந்தப் பக்கம்தான் ஓடும். கிழக்கே ஓரிடத்தில் பற்றவைத்துவிட்டு மேற்கே போய் நின்றால் போதும். அவ்வளவுதான் கணக்கு. இத்தனை தோட்டத்துக்குத் தீ வைத்தவள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அன்றைக்குப் பார்க்கவில்லை. காற்று கிழக்கிலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது.

குச்சியைக் கிழித்துச் சோகையில் வைத்துவிட்டு அவள் வரப்பைச் சுற்றி ஓடினாள். பாதி தூரம் போவதற்குள் தலைக்கு மேலே சடசடவென்று கேட்டது. நெருப்பு அவளைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

மேற்கு ஓரத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினாள். எலிகள் வந்தன. ஒரு முயல் அவள் காலுக்கு நடுவே புகுந்து போயிற்று. ஒரு சாரைப்பாம்பு அவசரமில்லாமல் வரப்பில் ஏறி இறங்கியது. புகை கண்ணில் அடித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, இரண்டு கரும்புக்கு நடுவே அது நின்றது.

மாது கையைக் குவித்துக் காட்டியதும் பொய், அமுதவல்லி சொன்னதும் பொய். அவர்கள் பாதிகூடச் சொல்லவில்லை. சாம்பலில் செம்மண்ணைக் கலந்து தீற்றின மாதிரி உடம்பு. அதன் மேல் வரிசை வரிசையாகப் பொட்டு, யாரோ உட்கார்ந்து பொறுமையாக வைத்தது போல. நெற்றிக் கோடு இரண்டும் கண்ணுக்குள் வந்து இறங்கின. அந்தக் கண்ணில் நெருப்பு தெரிந்தது, நெருப்புக்கு முன்னால் இவள் தெரிந்தாள். வாயில் ஒரு குட்டி தொங்கியது. கட்டை விரல் நீளத்துக்கு வால். குட்டி கண் திறந்திருந்தது.

கையில் கத்தி இருந்தது, கால் சுட்டது, ஒன்றும் தெரியவில்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட அவள் அப்படிச் சந்தோசப்பட்டதில்லை. சின்னப் பிள்ளையில் ஒரு தரம் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்தாள். அதற்கு அப்புறம் இதுதான்.

பூனை அவளைத் தாண்டி, ஓடைக்கரை முள்ளுக்கடியில் குட்டியை வைத்தது. வைத்துவிட்டுத் திரும்பி, வந்த வழியே கரும்புக்குள் போயிற்று.

இன்னொன்று இருக்கிறது. பாஞ்சாலிக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்காகத்தான் இந்த நாலு நாளும் இடத்தை விட்டுப் போகாமல் சுற்றியிருக்கிறது.

"ஏ, வேணாம்" என்றாள். யாரிடம் சொன்னாள்?

அது போன இடத்தில் சோகை காய்ந்து குவிந்து கிடந்தது. நெருப்பு அங்கே வந்தால் வாசல் அடைபட்டுவிடும். பாஞ்சாலி உள்ளே புகுந்தாள். கத்தியால் இழுத்தாள், காலால் தள்ளினாள், கையால் வாரி வெளியே எறிந்தாள். இரண்டு கரும்பை அடியோடு வெட்டிச் சாய்த்து வழி பண்ணினாள். முடி பொசுங்குகிற நாற்றம் அடித்தது. தன் முடிதான். முழங்கைக்குக் கீழே தோல் சுருண்டது. அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் அத்தனை வேகமாக அவள் வெட்டினதில்லை, பார்க்கத்தான் ஒருத்தரும் இல்லை.

காலுக்குப் பக்கத்தில் என்னவோ உரசிப் போயிற்று. குனிந்து பார்த்தாள். முதுகுப் பொட்டு, கருகின வால் நுனி, வாயில் இன்னொன்று. புகைக்குள் போய், ஓடையைத் தாண்டி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து முள்ளுக்கடியில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போயிற்று. இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். வேப்பந்தழையை ஒடித்து ஓரத்தை அடித்தார்கள். சோகைத் தீ கொஞ்ச நேரம்தான், அடங்கிவிட்டது. கரும்பு கறுப்பாக நின்றது.

மேஸ்திரி நேராகப் போய் மாதுவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உன் பீடிதாண்டா. சொன்னா கேக்கறியா நீ?"

"நான் சாப்பிட்டுக்கினுதான இருந்தேன் மேஸ்திரி..."

"அவரு இல்ல" என்றாள் பாஞ்சாலி. இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கீழே போட்டாள். "நாந்தான் வெச்சேன்."

மாது தீப்பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மேஸ்திரி காறித் துப்பிவிட்டு, "முதல் சால் போன வயித்தெரிச்சல்" என்றார்.

அமுதவல்லி கரும்புக்குள் போயிருந்தாள். ஒரு குச்சியை வைத்துச் சாம்பலைக் கிளறிக்கொண்டே போனாள். சுடச்சுட இருந்தது. அழுதுகொண்டே கிளறினாள். ஏங்கி ஏங்கி, செத்த வீட்டில் அழுகிற மாதிரி. செல்லம்மாள் அவள் பின்னாலேயே போய் முதுகைத் தடவினாள். அந்த அழுகையையும் பாஞ்சாலி ஒரு நிமிசம் பொறாமையாகத்தான் பார்த்தாள். இவளுக்கு மட்டும் எல்லாம் எப்படி வந்துவிடுகிறது, பார்க்கிறது, அழுகிறது, முதுகைத் தடவ ஒரு கை.

அப்புறம் சொன்னாள். "தேடாத புள்ள. அது போயிருச்சு. ஓடையத் தாண்டி. ரெண்டு குட்டி. வாயில கவ்விக்கினு போச்சு, நான் பாத்தேன்."

அமுதவல்லி நிமிர்ந்தாள். முகமெல்லாம் கரி.

"நீ பாத்தியா?"

"ரெண்டு தரம் வந்துச்சு. முதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு."

"நாலு நாளா உன் கண்ணுல படல. தீய வெச்சதும் ஓடி வந்து குட்டியெல்லாம் காட்டிட்டுப் போச்சாக்கா உனக்கு?"

"நெசமாலுந்தான்."

"உள்ள வெந்து கெடக்குது. அதச் சொல்லிட்டா கேவலம்னு இதச் சொல்ற." அமுதவல்லி மூக்கை உறிஞ்சினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா முதல் சால நானே குடுத்திருப்பேன். அதுக்கு ஒரு உசுரக் கொளுத்துவியா?"

பாஞ்சாலி மாதுவைப் பார்த்தாள். அவன் நம்புவான் என்று ஒரு நினைப்பு. அவன் கையைக் குவித்துக் காட்டினவன். அவன் அவளுடைய வெந்த கையைப் பார்த்தான், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர்க் குடத்தை மட்டும் காலால் அவள் பக்கம் நகர்த்திவிட்டான்.

"முள்ளுக்கடியில போய்ப் பாருங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அங்கே என்ன இருக்கும்? மண்தான் இருக்கும். விட்டுவிட்டாள்.

லாரி வருகிற நேரமாகிவிட்டது. கரிக் கரும்பை வெட்டித்தான் ஆக வேண்டும். மேஸ்திரி ஆட்களை நிறுத்தினார். முதல் சாலில் அமுதவல்லி, கடைசிச் சாலில் பாஞ்சாலி. பாஞ்சாலி கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்தாள். வெட்டுகிற கத்திக்கு முன்னால் அந்த முகம் வந்து நின்றது. கோடு இரண்டும் கண்ணுக்குள் இறங்குகிற இடம். கட்டை விரல் நீள வால். குட்டியை இங்கே ஒருத்தரும் பார்க்கவில்லை. அமுதவல்லிகூடப் பார்க்கவில்லை.

பக்கத்துச் சாலில் இருந்த செல்லம்மாள் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"பண்ணறதயும் பண்ணிட்டு, சிரிக்கிறா பாரு" என்றாள்.

பாஞ்சாலிக்கு அப்போதுதான் தெரிந்தது, தான் சிரித்துக்கொண்டிருப்பது. வாயை மூடப் பார்த்தாள். முடியவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் கீழே தாழ்த்திக்கொண்டு வெட்டினாள்.